இழப்புக்குக் கணக்குக் கேட்பவர்: வனெசா நகாட்டேயும் காலநிலை நீதியும்

2021 செப்டம்பர் 28 அன்று இத்தாலியின் மிலான் நகரில், காலநிலை மாற்றம் குறித்த மாநாட்டுக்காக ஏறத்தாழ 190 நாடுகளிலிருந்து வந்து கூடியிருந்த 400 இளைஞர்கள் முன்பாக, இளம் காலநிலைச் செயற்பாட்டாளர்களான ஸ்வீடனின் கிரெட்டா துன்பர்கும் உகாண்டாவின் வனெசா நகாட்டேயும் பேசினார்கள். தலைவர்களின் வெற்றுப் பேச்சைச் சாடிய துன்பர்கின் உரை அன்றே உலகச் செய்தியாயிற்று. நகாட்டேயின் உரைக்கு அந்த அளவு வெளிச்சம் கிடைக்கவில்லை; ஆனால் அரசுகள் பதில் சொல்லத் தயங்கும் கேள்வி அவருடைய உரையில்தான் இருந்தது. இதுவரையிலான உலகக் கரிம உமிழ்வில் ஆப்பிரிக்காவின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடுதான் என்பதை நினைவூட்டிய அவர், அந்தக் கண்டம் இன்று அனுபவிக்கும் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் பசிக்கும் யார் பொறுப்பேற்பது என்று கேட்டார். பட்டினிக்கு ஏற்பத் தகவமைத்துக்கொள்ள முடியாது, முற்றழிவுக்கு ஏற்பவும் தகவமைத்துக்கொள்ள முடியாது, ஆகவே இழப்புக்கும் சேதத்துக்கும் தனியாக நிதி வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

நகாட்டேயைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும், 2020இல் ஒரு நிழற்படத்திலிருந்து அவர் வெட்டி நீக்கப்பட்டதைக் கொண்டே தொடங்குவார்கள். அது நடந்தது உண்மை; முக்கியமானதும்கூட. ஆனால் அநீதிக்கு ஆளானவர் என்ற அளவிலேயே அவரை நினைவில் வைத்திருப்பது அவருக்குச் செய்யும் இன்னொரு குறையாகிவிடும் என்று கருதுகிறேன். உமிழ்வை எப்போது குறைப்பீர்கள் என்ற ஒற்றைக் கேள்வியோடு நின்றிருந்த பொது விவாதத்தை, ஏற்கெனவே அழிந்துபோனதற்கு யார் ஈடு செய்வீர்கள் என்ற கேள்விக்கும் நகர்த்திய இளந்தலைமுறையின் மிகத் தெளிவான குரல்களில் ஒன்று அவருடையது. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது, எதை அசைத்தது, எங்கே முட்டி நிற்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் காலநிலை நீதி என்ற கருத்தும் பெருமளவு விளங்கிவிடும்.

நகாட்டே 1996 நவம்பர் 15 அன்று உகாண்டாவில் பிறந்தவர். தலைநகர் கம்பாலாவில் வளர்ந்து, மக்கரேரே பல்கலைக்கழகத்தின் வணிகவியல் பள்ளியில் வணிக நிர்வாகம் படித்தார். சுற்றுச்சூழல் அவர் படித்த துறையன்று. காலநிலை மாற்றத்தை எங்கோ, என்றோ நடக்கப்போகும் ஒன்றாகத்தான் பள்ளியில் கற்றுக்கொடுத்தார்கள் என்று அவர் பின்னர் கூறியிருக்கிறார். 2018இன் பிற்பகுதியில், பட்டம் பெறும் தறுவாயில், கம்பாலாவின் வெயில் வழக்கத்துக்கு மாறாக இருப்பதைக் கண்டு, இருபது ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்று தம் மாமாவிடம் கேட்டறிந்தார். பிறகு தாமாகவே தேடிப் படிக்கத் தொடங்கினார். உழைக்கும் மக்களில் பெரும்பான்மையோர் வேளாண்மையை நம்பி வாழும் நாடு உகாண்டா. ஆண்டுக்கு இரண்டு மழைப் பருவங்களே பெரும்பாலான மாவட்டங்களின் விதைப்பையும் அறுப்பையும் தீர்மானிக்கின்றன. அந்த மழை தவறினாலும் இழப்பு, ஒரே நாளில் கொட்டித் தீர்த்தாலும் இழப்பு. 2018 அக்டோபரில் எல்கன் மலைச்சரிவிலுள்ள புடுடா மாவட்டத்தில் கனமழைக்குப் பின் மண் சரிந்து, ஆறு கரையுடைத்து, 40 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அந்த நாட்டில் காலநிலை மாற்றம் பாடநூலின் எதிர்காலக் கதையாக இருக்க வாய்ப்பே இல்லை.

2019 ஜனவரியில் அவர் தெருவுக்கு வந்தார். முதல் நாள் உடன் நின்றவர்கள் அவருடைய தம்பி தங்கைகளும் உறவினர் பிள்ளைகளும்தான். அதன் பின் பல மாதங்கள் நாடாளுமன்ற வாயிலருகே பெரும்பாலும் தனியாகவே அட்டை ஏந்தி நின்றார். ஸ்டாக்ஹோமில் 2018 ஆகஸ்டில் துன்பர்க் பள்ளியைப் புறக்கணித்துத் தொடங்கிய போராட்டமே இதற்கு முன்மாதிரி. ஆனால் ஒரே செயல் இரண்டு ஊர்களில் ஒரே செயலாக இருப்பதில்லை. உகாண்டாவில் 2013ஆம் ஆண்டின் பொது ஒழுங்கு மேலாண்மைச் சட்டம், பொதுக்கூட்டங்களைக் கட்டுப்படுத்தும் பரந்த அதிகாரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்திருந்தது. அதன் முக்கியமான பிரிவு ஒன்றை அரசமைப்பு நீதிமன்றம் 2020 மார்ச்சில்தான் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பள்ளியைப் புறக்கணிக்கும் மாணவர் நீக்கப்படலாம். பள்ளிக் கட்டணத்துக்காகப் பெற்றோர் எதையெல்லாம் விற்றிருக்கிறார்களோ அதெல்லாம் வீணாகும். படித்து முடித்து வேலை தேட வேண்டிய வயதில் ஓர் இளம்பெண் சாலையோரம் அட்டையோடு நிற்பதைப் பார்த்து, மாப்பிள்ளை தேடுகிறாள் என்று ஏளனம் செய்தவர்களும் இருந்தார்கள். ஐரோப்பிய நகரங்களில் வெள்ளிக்கிழமைகளில் ஆயிரக்கணக்கானோர் திரண்டபோது, ஆப்பிரிக்காவில் ஏன் திரளவில்லை என்று கேட்டவர்கள் இந்த விலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அக்கறையின்மை என்று வெளியிலிருந்து தோன்றியது பெரும்பாலும் அச்சமும் கட்டணப் பாக்கியும்தான்.

தனியாக நின்றவர் அமைப்புகளையும் கட்டினார். ஆப்பிரிக்க இளைஞர்களை இணைக்கும் 'ரைஸ் அப்' இயக்கம் அவர் தொடங்கியது. 2019இல் அமேசான் காடு எரிந்தபோது உலகமே பேசியது. காங்கோப் படுகையின் காடு அழிவதைப் பற்றிப் பேச்சே இல்லாததைக் கண்டு அதற்காகவே தனியாக ஒரு போராட்டத்தை நடத்தினார். காங்கோ மழைக்காடு பரப்பில் அமேசானுக்கு அடுத்தது. அதன் நடுவிலுள்ள சதுப்பு நிலங்களின் கரிமண்ணில், அதாவது முழுதும் மக்காத தாவர எச்சங்களாலான மண்ணில், சுமார் 3,000 கோடி டன் கரிமம் புதைந்திருப்பதாக 2017இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்தச் சதுப்பு வறண்டாலோ தோண்டப்பட்டாலோ வெளியேறும் கரிமம் எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் நிற்காது. 2022இல் காங்கோ ஜனநாயகக் குடியரசு 30 எண்ணெய், எரிவாயுத் தொகுதிகளை ஏலத்துக்கு விட்டபோது அவற்றில் சில இந்தச் சதுப்பு நிலங்களின் மீதே அமைந்திருந்தன.

அவர் பணிகளில் என்னை மிகவும் ஈர்ப்பது, செய்திகளில் மிகக் குறைவாக இடம்பெறும் 'வாஷ் கிரீன் ஸ்கூல்ஸ்' திட்டம்தான். உகாண்டாவின் பள்ளிகள் சுமார் 24,000. அவற்றில் மின் இணைப்பே எட்டாத சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் சூரிய மின்தகடுகளையும், எரிபொருளை மிச்சப்படுத்தும் அடுப்புகளையும் அமைத்துக்கொடுப்பது இதன் வேலை. நாட்டின் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு மேல் விறகிலோ கரியிலோதான் சமைக்கின்றன. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மக்காச்சோள மாவில் போஷோவும் அவரையும் வேகவைக்கும் பள்ளிச் சமையலறைக்கு ஒவ்வொரு பருவத்திலும் லாரி லாரியாக விறகு வேண்டும். மூன்று கல் வைத்துத் திறந்தவெளியில் மூட்டும் தீயில் வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. புகை சமைப்பவரின் கண்ணிலும் நுரையீரலிலும் இறங்குகிறது. செங்கல்லால் மூடிய தீயறை, பெரிய அண்டாவின் விளிம்பு வரை சரியாகப் பொருந்தும் வாய், புகையை வெளியே கொண்டுபோகும் புகைபோக்கி என்று அடுப்பை மாற்றி அமைத்தால், அதே சோறு கணிசமாகக் குறைந்த விறகில் வெந்துவிடும். விறகுச் செலவில் மிஞ்சும் பணம் பள்ளியிடமே தங்கும். வெட்டப்படும் மரங்களும் குறையும். உமிழ்வைக் குறைப்பதும், ஏழைப் பிள்ளையின் வாழ்வைச் சீராக்குவதும், சமையற்காரரின் உடல்நலத்தைக் காப்பதும் ஒரே வேலையாக அமைகிற அரிய இடம் இது. அறிவியலைக் கேளுங்கள் என்ற முழக்கம் அந்த ஊர்களில் எடுத்துக்கொள்ளும் வடிவம் இதுதான்.

இனி அந்த நிழற்படம். 2020 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்தை ஒட்டி ஐந்து இளம் செயற்பாட்டாளர்கள் செய்தியாளர்களைச் சந்தித்தார்கள்: துன்பர்க், லூயிசா நொய்பவர், இசபெல் ஆக்செல்சன், லூகினா டில், நகாட்டே. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் வெளியிட்ட படத்தில் நால்வர் மட்டுமே இருந்தனர். விடுபட்டவர் அங்கிருந்த ஒரே கறுப்பினப் பெண். பின்னணியிலிருந்த கட்டடம் கவனத்தைச் சிதறடித்ததால் அமைப்பு கருதி வெட்டப்பட்டது என்று விளக்கம் வந்தது. பிறகு முழுப் படம் வெளியிடப்பட்டது, நிறுவனத்தின் தலைமை ஆசிரியர் மன்னிப்பும் கேட்டார். நீங்கள் ஒரு படத்தை மட்டும் அழிக்கவில்லை, ஒரு கண்டத்தையே அழித்துவிட்டீர்கள் என்று நகாட்டே எழுதினார்.

அது மிகைப்பேச்சு என்று கருதியவர்கள் உண்டு. ஒரு படத்தொகுப்பாளரின் அவசரத்துக்கு ஒரு கண்டத்தின் பெயரைச் சூட்டலாமா என்று கேட்டார்கள். ஆனால் ஐநாவின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2022இல் வெளியிட்ட அறிக்கையின் ஒரு தகவலை இதனருகே வைத்துப் பார்க்கலாம். 1990 முதல் 2019 வரை உலகில் காலநிலை ஆய்வுக்குச் செலவான நிதியில் ஆப்பிரிக்கா குறித்த ஆய்வுகளுக்குப் போனது 3.8 விழுக்காடு மட்டுமே. அதிலும் 78 விழுக்காடு ஐரோப்பிய, வட அமெரிக்க நிறுவனங்களுக்கும், 14.5 விழுக்காடு மட்டும் ஆப்பிரிக்க நிறுவனங்களுக்கும் சென்றிருக்கிறது. கண்டத்தின் பெரும்பகுதியில் வானிலை அளவீட்டு நிலையங்களே போதிய அளவில் இல்லை. எங்கே அளவீடு இல்லையோ அங்கே ஒரு பேரிடரில் புவி வெப்பமாதலின் பங்கு எவ்வளவு என்று நிறுவுவது கடினமாகிறது; நிறுவ முடியாத இழப்புக்கு ஈடு கேட்பது அதைவிடக் கடினமாகிறது. ஆகவே சட்டகத்துக்கு வெளியே நிற்பது வெறும் மானப் பிரச்சினையன்று, அதற்குப் பொருளாதார விளைவு உண்டு. நகாட்டேயின் வாக்கியத்தில் மிகை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

காலநிலை நீதி என்ற கருத்து ஓர் எளிய இயற்பியல் உண்மையில் வேர்கொண்டது. கரியமில வாயு வெளியேறிய ஆண்டோடு மறைந்துபோவதில்லை. அதன் ஒரு பகுதி நூற்றாண்டுகளாக வளிமண்டலத்தில் தங்கிவிடுகிறது. எனவே இன்றைய வெப்பத்துக்குக் காரணம் இன்றைய உமிழ்வு மட்டுமன்று, தொழிற்புரட்சி தொட்டுச் சேர்ந்துவந்த மொத்த உமிழ்வு. அந்த மொத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்காவினுடையது. ஐரோப்பாவின் பங்கும் மிகப் பெரியது. மறுபக்கத்தில், யுனிசெஃப் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட குழந்தைகளுக்கான காலநிலை இடர்க் குறியீட்டின்படி, சுமார் 100 கோடிக் குழந்தைகள் மிகக் கடுமையான இடருக்கு உள்ளான 33 நாடுகளில் வாழ்கிறார்கள். அந்த 33 நாடுகளும் சேர்ந்து வெளியிடும் கரியமில வாயு உலக மொத்தத்தில் 9 விழுக்காடுதான். வினை ஒருவருடையது, பயன் இன்னொருவருடையது என்ற நிலை இது. வாங்கும் வசதி உள்ளவர் கடற்சுவர் கட்டுவார், பயிர்க்காப்பீடு எடுப்பார், இடம்பெயர்ந்து வேறு வீடு வாங்குவார். அந்த வசதியை உருவாக்கிய வளர்ச்சிதான் மற்றவரின் இழப்பையும் உருவாக்கியது என்பதால்தான் இது நீதியின் கேள்வியாகிறது. வெறும் இரக்கத்தின் கேள்வியாக நின்றுவிடுவதில்லை.

ஐநா காலநிலை மாநாடுகளின் பேச்சுவார்த்தை மேசையில் இந்த நீதி மிக மெதுவாகவே நகர்ந்தது. உமிழ்வைத் தணிப்பது, மாறிய காலநிலைக்குத் தகவமைத்துக்கொள்வது என்ற இரண்டுக்கும் இடம் கிடைத்த அளவு, அவ்விரண்டையும் மீறி நேர்ந்துவிடும் இழப்புக்குக் கிடைக்கவில்லை. 1991இலேயே சிறு தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு, கடல்மட்ட உயர்வால் நேரும் இழப்புகளுக்குப் பன்னாட்டுக் காப்பீட்டு நிதியம் வேண்டும் என்று முன்மொழிந்தது. அது ஏற்கப்படவில்லை. 2013இல் வார்சாவில் இழப்புக்கும் சேதத்துக்குமான பொறிமுறை ஒன்று அமைக்கப்பட்டது. அதில் பணம் இல்லை. 2015இன் பாரிஸ் ஒப்பந்தம் தன் 8ஆவது உறுப்பில் இதை அங்கீகரித்தது. ஆனால் அந்த உறுப்பைச் சட்டப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படையாகக் கொள்ள முடியாது என்று ஒப்பந்தத்தை ஏற்ற முடிவின் 51ஆவது பத்தியிலேயே எழுதிவைத்தார்கள். செல்வந்த நாடுகளின் அச்சம் முழுவதும் அந்த ஒரு பத்தியில் தெரிகிறது. 2021இல் கிளாஸ்கோவில் வளரும் நாடுகள் ஒன்றுசேர்ந்து தனி நிதியமைப்பைக் கோரியபோது, அதற்குப் பதிலாகக் கிடைத்தது மூன்றாண்டுக் கால உரையாடல்.

அந்தக் கிளாஸ்கோ மாநாட்டில்தான், அரசியல்வாதிகளும் தொழில் தலைவர்களும் அமர்ந்திருந்த அவையில் நகாட்டே, உங்கள் வாக்குறுதிகளை நாங்கள் நம்பவில்லை, நாங்கள் நினைப்பது தவறு என்று நிரூபித்துக் காட்டுங்கள் என்று வேண்டினார். 2009இல் கோபன்ஹேகனில், 2020க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர் தருவதாகச் செல்வந்த நாடுகள் உறுதியளித்திருந்தன. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் கணக்கின்படி அந்த இலக்கு 2022இல்தான் முதன்முறையாக எட்டப்பட்டது. தந்ததிலும் பெரும்பகுதி கடன். வெள்ளத்தில் பாலத்தை இழந்த நாடு, அதே பாலத்தைத் திரும்பக் கட்டக் கடன் வாங்கி, அதற்கு வட்டியும் கட்டுகிறது. இந்நிதி மானியமாக வர வேண்டும், கடனாக வரக்கூடாது என்பதை நகாட்டே வலியுறுத்திவருவதற்கு இதுவே காரணம்.

2022 செப்டம்பரில் யுனிசெஃப் அவரை நல்லெண்ணத் தூதராக அறிவித்தது. அதையொட்டி அவர் சென்றது கென்யாவின் வடமேற்கிலுள்ள துர்கானா பகுதிக்கு. கிழக்கு ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் 2020 அக்டோபர் முதல் தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்துப்போன காலம் அது. ஆடுமாடுகளை நம்பி வாழும் மேய்ச்சல் மக்களுக்கு மந்தைதான் சேமிப்பு, உணவு, பிள்ளையின் கல்வி எல்லாம். மந்தை செத்தால் திரும்பத் தொடங்க எதுவும் மிஞ்சுவதில்லை. கடும் ஊட்டச்சத்துக் குறைவால் மருத்துவமனையில் கிடந்த ஒரு சிறுவனை அவர் அங்கே பார்த்தார். அன்று பொழுது சாய்வதற்குள் அந்தச் சிறுவன் இறந்துவிட்டான். இரண்டு மாதங்களுக்குப் பின் எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக் மாநாட்டில் அவர் இதை எடுத்துச் சொன்னார். ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை கொண்ட அவர், காற்றை விதைத்துச் சூறைக்காற்றை அறுப்பது பற்றிய விவிலிய வாக்கை அங்கே தலைவர்களை நோக்கித் திருப்பினார்: விதைப்பவர்கள் நீங்கள், அறுப்பவர்களோ முன்வரிசையில் நிற்கும் மக்கள். மனிதரால் நேர்ந்த வெப்பமாதல் அந்த வறட்சியின் வாய்ப்பைக் குறைந்தது 100 மடங்கு கூட்டியிருந்தது என்று, வானிலைப் பேரிடர்களில் வெப்பமாதலின் பங்கை ஆராயும் வேர்ல்டு வெதர் ஆட்ரிபியூஷன் குழுவின் ஆய்வு 2023 ஏப்ரலில் கண்டறிந்தது. துர்கானாவில் அவர் பார்த்ததற்கு அறிவியல் பின்னர் எண் கொடுத்தது.

இத்தனைக்கும் நடுவே அவருடைய சொந்த நாட்டிலேயே மிகக் கடினமான கேள்வி காத்திருக்கிறது. உகாண்டாவின் ஆல்பர்ட் ஏரிக்கரையில் எடுக்கத்தக்க எண்ணெய் சுமார் 140 கோடி பீப்பாய் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதை ஹொய்மாவிலிருந்து தான்சானியாவின் டாங்கா துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல 1,443 கிலோமீட்டர் நீளக் குழாய் திட்டமிடப்பட்டு, 2022 பிப்ரவரியில் இறுதி முதலீட்டு முடிவு எடுக்கப்பட்டது. பிரான்ஸின் டோட்டல்எனர்ஜிஸ் நிறுவனத்திடம் 62 விழுக்காடு, உகாண்டா, தான்சானிய அரசு நிறுவனங்களிடம் தலா 15, சீனாவின் சிஎன்ஓஓசி எண்ணெய் நிறுவனத்திடம் 8 எனப் பங்குகள் இருக்கின்றன. உகாண்டாவின் எண்ணெய் மெழுகுத்தன்மை மிகுந்தது. உறைந்துவிடாமலிருக்க வழிநெடுகச் சுமார் 50 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்திருக்க வேண்டும். குழாயின் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதி விக்டோரியா ஏரியின் வடிநிலத்தில் செல்கிறது. எண்ணெய்க் கிணறுகளில் ஒரு பகுதி மர்ச்சிசன் அருவி தேசியப் பூங்காவுக்குள்ளேயே அமைகிறது.

உகாண்டா அரசின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக்கூடாது. எண்ணெயாலும் நிலக்கரியாலும் வளர்ந்த நாடுகள், கோடிக்கணக்கானோர் இருளில் வாழும் கண்டத்தைப் பார்த்து உன் எண்ணெயை நிலத்திலேயே விட்டுவிடு என்று சொல்வது எந்த வகை நீதி என்று அது கேட்கிறது. நேர்மையான கேள்வி. மேற்கத்திய இயக்கங்கள் பலவற்றிடம் இதற்கு நேர்மையான பதில் இருந்ததில்லை. நகாட்டே தரும் பதில் வேறு திசையிலிருந்து வருகிறது: இந்த எண்ணெய் யாருக்குப் போகிறது என்று அவர் கேட்கிறார். குழாய் துறைமுகத்தில் முடிகிறது, கிராமத்துப் பள்ளியில் முடியவில்லை. ஆப்பிரிக்காவின் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்கள் பலவும் ஏற்றுமதியை நோக்கியவை. அவற்றால் நிலமிழப்பவர் ஒருவர், இலாபம் பெறுபவர் இன்னொருவர். உலகின் சிறந்த சூரிய ஆற்றல் வளத்தில் 60 விழுக்காடு ஆப்பிரிக்காவில் இருக்கிறது, நிறுவப்பட்ட சூரிய மின்திறனிலோ அதன் பங்கு ஒரு விழுக்காடுதான் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2022இல் குறிப்பிட்டது. வளம் இருந்தும் முதலீடு வராததே சிக்கல் என்றால், நீதி கேட்க வேண்டியது அந்த முதலீட்டைத்தான். நிலக்கரியைத் தின்ன முடியாது, எண்ணெயைக் குடிக்க முடியாது என்று அவர் மேடைதோறும் சொல்லிவருவதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. அரசுக்கு வருவாய் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இது முழு விடையாகாது. மானிய நிதி உண்மையிலேயே வந்தால் மட்டுமே விடையாகும். குழாய்த் திட்டத்தை எதிர்த்து கம்பாலாவில் ஊர்வலம் போன மாணவர்கள் பலமுறை கைதாகியிருப்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மேடையில் பேசுபவரைவிட உள்நாட்டுத் தெருவில் நிற்பவருக்கு ஆபத்து மிகுதி.

பெண் கல்வியைக் காலநிலைத் தீர்வாக அவர் முன்வைப்பதும் இதே தர்க்கத்தின் நீட்சிதான். வறட்சி வந்தால் தண்ணீருக்கு அதிக தொலைவு நடப்பவள் வீட்டுப் பெண். பயிர் பொய்த்தால் முதலில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, சில குடும்பங்களில் முன்கூட்டியே மணமுடித்துக் கொடுக்கப்படுபவளும் அவளே.

ஒரே ஒருவரை ஒரு கண்டத்தின் குரலாக்குவது குறித்து அவருக்கே தயக்கம் உண்டு. ஆப்பிரிக்காவின் ஒற்றைப் பிரதிநிதியாக ஊடகங்கள் தம்மை முன்னிறுத்தும்போதெல்லாம் அவர் மற்றவர்களின் பணியைச் சுட்டிக்காட்டிவந்திருக்கிறார். உகாண்டாவிலேயே ஹில்டா ஃபிளேவியா நகபுயே, நைஜீரியாவில் அடெனிகே ஒலாடோசு, கிளாஸ்கோ மாநாட்டின் தொடக்கத்தில் உலகத் தலைவர்கள் முன் பேசிய கென்யாவின் எலிசபெத் வாதுதி என்று அந்த வரிசை நீளும். இவர்களில் யாரும் இன்னொருவரின் நகல் அல்லர்.

ஷர்ம் எல்-ஷேக்கில், 2022 நவம்பர் 20 அதிகாலையில், இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியத்தை அமைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. வனுவாட்டுவின் முன்மொழிவுக்குப் பின் 31 ஆண்டுகள் கடந்திருந்தன. வளரும் நாடுகளின் விடாப்பிடியான ஒற்றுமையே அதைச் சாத்தியமாக்கியது. இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் எழுப்பிய குரல், மறுப்பதற்கான அரசியல் விலையைக் கூட்டியது. 2023இல் துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே நிதியம் செயலுக்கு வந்து, மாநாட்டின் முடிவுக்குள் ஏறத்தாழ 700 மில்லியன் டாலருக்கு வாக்குறுதிகள் சேர்ந்தன. வளரும் நாடுகளின் இழப்பு 2030 வாக்கில் ஆண்டுக்கு 290 முதல் 580 பில்லியன் டாலர் வரை இருக்கும் என்ற மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் இது அதன் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. 2025 மார்ச்சில் அமெரிக்கா நிதியத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகியது. அடுத்த மாதம் பார்படோஸில் கூடிய குழு, தொடக்கக் கட்டமாக 250 மில்லியன் டாலரை, ஒவ்வொரு கோரிக்கைக்கும் 5 முதல் 20 மில்லியன் வரை, மானியமாக வழங்க முடிவு செய்தது. அதில் குறைந்தது பாதி, மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடுகளுக்கும் சிறு தீவு நாடுகளுக்கும் உரியது. உகாண்டா அந்தப் பட்டியலில் இருக்கிறது. துர்கானா அமைந்துள்ள கென்யா அதில் இல்லை. எஞ்சிய பகுதிக்காக அது மற்ற வளரும் நாடுகள் எல்லாவற்றோடும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும்.